உதவித்தொகையும் ஆய்வகச் சாவியும்

கேள்வி: உதவித்தொகை கொடுத்தால் சிறுபான்மை மாணவர்கள் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஆகிவிடுவார்களா? (வாசகர், அரக்கோணம்)

பதில்: விடுதிச் சாப்பாட்டுக்கு உதவித்தொகை போதும், ஆய்வகத்தின் சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கும். அதைப் பிடுங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகம். 1988இல் அங்கே மேயர்ஹாஃப் திட்டம் உருவானது. மறுவருடம் 19 கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். கல்லூரி திறக்கும் முன்பே கோடை வகுப்பு, கூட்டாகப் படிப்பு, இளங்கலையிலேயே ஆய்வக வேலை. தனியாக உட்கார்ந்து மேதையாகும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டது! அங்கே படித்த கிஸ்மேகியா கார்பெட், பிற்பாடு மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில் முன்னணியில் நின்றார்.

அரக்கோணத்துக்காரர் இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், காட்பாடிக்கு ரயில் ஏறலாம். பக்கத்திலுள்ள வேலூரில் 1918இல் மருத்துவர் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று பேர் வந்தாலே அதிசயம் என்றார்கள். வந்த விண்ணப்பங்கள் 151. அந்தப் பள்ளி பிற்பாடு சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியானது. அங்கே ரோட்டா வைரஸை ஆராய்ந்த ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். இந்தியாவில் பணியாற்றிய பெண்களில் அந்தப் பெருமையைப் பெற்ற முதலாமவர் அவரே. உதவித்தொகையும் வேண்டாத சமாசாரமல்ல. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022இல் மத்திய அரசு நிறுத்தியது. சாப்பாட்டுக்கே இப்போது வேறு வழி தேட வேண்டும்.