கரியாலூர்க் குளிரும் குதிகால் வெடிப்பும்: ஒரு சிக்கன நோக்கு

ஆய்வுக்களம்: கல்வராயன் மலை, கரியாலூர். காலம்: மார்கழி, தை. சிக்கல்: கள்ளக்குறிச்சியில் பளபளவென்று பஸ் ஏறிய தோல், மலைக்கு வந்த மறுநாளே சாம்பல் பூத்துவிடுகிறது. முழங்கையில் நகத்தால் பால் கணக்கு எழுதலாம். குதிகால் வெடிப்பு போர்வை நூலைப் பிடித்து இழுக்கிறது. இதைக் குறைந்த செலவில் தீர்ப்பது எப்படி என்று அறிஞர் உலகம் யோசித்ததே இல்லை. குறைந்த செலவு என்றால் கருத்தரங்குக்கு ஆள் சேராது.

பூசுவோர் ஐவகைப்படுவர்.

1. பூசாதோர். பெரும்பாலும் ஆண்கள். ஆராய ஒன்றுமில்லை.

2. எண்ணெயர். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுவோர். பலன் உண்டு. விலை ஏறியபின் சொட்டை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள் (அத்தை, வாய்மொழி).

3. ஜெல்லியர். எண்ணெய்க் கிணற்றுத் தண்டுகளில் படிந்த மெழுகைச் சுத்தம் செய்து, அமெரிக்கரான ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லியே இவர்களது மருந்து. இது தோலுக்கு ஈரம் கொடுக்காது. இருக்கிற ஈரத்தை ஓடவிடாமல் தடுக்கும். அதனால் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுக்கக் காயுமுன் பூச வேண்டும். நள்ளிரவில் வறண்ட காலில் அப்பிவிட்டுப் பலனில்லை என்பது முறையியல் பிழை (சின்ன மாமா, கிணற்றடிப் பேருரை, இரண்டாம் வாளிக்கு முன்).

4. பாக்கெட்டர். க்ரீமைச் சின்னப் பாக்கெட்டில் வாங்கிப் பூசுவோர். இவர்களை விரிவாகவே நோக்க வேண்டும். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்த முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். கடலூரும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். ஆகவே பாக்கெட் நம் மண்ணின் தத்துவம். பெரிய பாட்டிலே லாபம் என்ற பொருளியல் விதியும் இங்கே செல்லாது. ஷாம்புவில் பல நேரம் மில்லிக்கு மில்லி பாக்கெட்டே மலிவு.

ஆனால் அறிஞர் பிளவுபடுவது விலையில் அல்ல, பாக்கெட்டைக் கிழிப்பதில். பல்லால் கிழிப்போர் பல்வாதிகள்; கத்தரியால் வெட்டுவோர் கத்தரிவாதிகள். பல்வாதத்தில் க்ரீமின் முதல் துளி நாக்குக்குப் போகிறது. கத்தரிவாதத்தில் கத்தரியைத் தேடும் நேரத்தில் ஈரம் காய்ந்துவிடுகிறது. மூலையில் ஊசியால் குத்திப் பிதுக்கி, மீதியை மடித்து ஹேர்பின் மாட்டி சோப்புப் பெட்டிக்கு அடியில் ஒளிக்கும் சமரசவாதமும் உண்டு (பெரியம்மா, வாசல் தெளித்தபடி அருளியது, மறுப்புரை: அவர் மருமகள், அதே வாசல், தாழ்ந்த குரல், திருத்திய பதிப்பு: மாமியார் கோயிலுக்குப் போன பிறகு, அடுப்படி, கதவு சாத்தி). ஒளித்ததை வேறொருவர் எடுத்துத் தேய்த்துக்கொள்வது கருத்துத் திருட்டு. இதைக் கல்விப்புலத்தில் கண்டுகொள்வதில்லை, வீட்டில் கண்டுகொள்வார்கள்.

5. கடுக்காயர். கடுக்காய்ப் பொடி பூசுவோர். இம்மலையில் கடுக்காய் மரம் நிறைய. காயில் டானின் மிகுதி. பச்சைத்தோலைப் பதனிட அக்காலந்தொட்டு உதவிய சரக்கு. விலங்குத் தோலை இறுக்குகிற அந்தத் துவர்ப்பு மனிதத் தோலையும் இறுக்கும். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது பொருந்தலாம், வறண்ட குதிகாலை மேலும் வறட்டும். இதைச் சொல்லாமல் எல்லாத் தோலுக்கும் ஏற்றது என்று டப்பாவில் அச்சிடுவது எழுத்தாளர் சுதந்திரம்.

முடிவுகள்: ஈரத்தோலில் மலிவான ஜெல்லியோ எண்ணெயோ போதும். வெயில் தடுக்கும் க்ரீமில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. அளவு குறைந்தால் காப்பும் குறையும். மிச்சப் பணத்தில் செருப்பு வாங்கலாம்.

மேலாய்வுக்கு ஒன்று எஞ்சுகிறது. காட்டில் குனிந்து காய் பொறுக்கும் அம்மாவுக்குக் கிலோ கணக்கில் காசு. அவரிடம் அரைநாள் கேள்வி கேட்டு, மூலிகைப் பட்டியல் போட்டவருக்கு முனைவர் பட்டம். அதே காய் பொடியாகி, ‘மலைமக்களின் ரகசியம்’ என்ற பெயரோடு டப்பாவில் மலையேறி வந்தால் அந்த அம்மாவின் மகளே விலை கேட்டுத் திரும்பிவிடுகிறாள். இதில் யார் யாருக்குக் கடுக்காய் கொடுத்தார்கள் என்பதை, நிதிநல்கை கிடைத்தால், இவ்வாய்வாளர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.