சொந்தக் காரணங்களுக்காக

தமிழில் வரும் எந்த வார இதழைப் புரட்டினாலும் இந்த மனிதரைப் பார்த்துவிடலாம். கட்டம்போட்ட சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். கையில் ஒரு பூசணிக்காய், இல்லையென்றால் நாட்டுக்கோழி, அதுவும் இல்லையென்றால் மரச்செக்கு எண்ணெய் பாட்டில். தலைப்பு எப்போதோ அச்சுக் கோத்து வைத்தது: 'லட்சங்களில் சம்பளம் தந்த ஐ.டி. வேலையை உதறினார், இயற்கை விவசாயத்தில் கலக்குகிறார்!' வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். நாலு பக்கக் கட்டுரை. மண்புழு உரத்துக்குத் தனியாக ஒரு பெட்டிச் செய்தி.

அந்த எட்டு ஏக்கர் யாருடையது என்று மட்டும் நாலு பக்கத்தில் ஒரு வரி இருக்காது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் அப்பா பெயரில் எந்த வருஷம் வந்தது, மனைவி எந்த பேங்கில் வேலை பார்க்கிறார், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுகிறார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் கதை கெட்டுவிடும். பட்டா இல்லாதவனும் வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லாதவனும் முப்பத்தைந்தில் எதையாவது உதறினால் அவனுக்கு அட்டைப்படம் கிடையாது. கிரெடிட் கார்டு வசூல்காரர் போன் மட்டும் தவறாமல் வரும்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலவர் பெங்களூரில் இருக்கிறார். நாராயண மூர்த்தி 1981-இல் பட்னி நிறுவன வேலையை விட்டு இன்ஃபோசிஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது 34. முதலீடு 10,000 ரூபாய், மனைவி சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவர்களே பல மேடைகளில் சொன்னதுதான். நல்ல கதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பெரியவர் 2023 அக்டோபரில், தன் 77 வயதில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தை 90-க்கு ஏற்றினார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். மனைவியின் சேமிப்பு என்றால் கம்பெனி பிறக்கும், மனைவியின் முகம் என்றால் கம்பெனிக்கு நஷ்டம். தொழிலதிபர்களின் குடும்ப சாஸ்திரம் இவ்வளவுதான்.

சரி, சொன்னபடி உழைத்தவனுக்கு முப்பத்தைந்தில் என்ன கிடைக்கிறது? 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பப்போவதாக அறிவித்தது. போகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்று அதுவே சொன்னது. பெரிய ரகசியமெல்லாம் இல்லை. சர்வீஸ் கம்பெனிகளில் ஃப்ரெஷர் சம்பளம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தையொட்டி நிற்கிறது. பதினைந்து வருஷமாகப் பால் விலை நகர்ந்தது, பெருங்குடி வாடகை நகர்ந்தது, இந்த எண் மட்டும் பெரிதாக நகரவில்லை. பதின்மூன்று வருஷம் இரவு போன் கால் எடுத்து முதுகு போனவன் ஒருவனுக்குக் கொடுக்கிற காசில் முதுகு நன்றாக இருக்கிற பையன்கள் ஐந்து பேர் கிடைப்பார்கள். அப்புறம் எதற்கு அனுபவம்?

அந்த முதல் வேலையைக்கூட இவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை என்பது தனிச் சோகம். 2007-இல் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இன்ஜினியரிங் சேர்க்கை நடக்கத் தொடங்கிய காலத்துப் பிள்ளைகள்தாம் இன்றைய முப்பத்தைந்துகள். எந்த குரூப் எடுப்பது என்று கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு சித்தப்பா முடிவு செய்தார். சிவில் படித்தவன், மெக்கானிக்கல் படித்தவன், பயோ-டெக் படித்தவள் எல்லோரும் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே பஸ்ஸில் ஏற்றப்பட்டு சிறுசேரியில் இறக்கிவிடப்பட்டார்கள். பாலம் கட்டப் படித்தவன் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் பில்லில் பிழை தேடினான். அதுவும் தொழில் மாற்றம்தான், நாலு வருஷப் படிப்பைத் தூக்கிக் கடலில் போட்ட மாற்றம். அப்போது யாரும் துணிச்சல் என்று சொல்லவில்லை. 'பையன் செட்டில் ஆயிட்டான்' என்றார்கள்.

இனி, ஆளை அனுப்பிவைக்கிற அந்த அறை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது இது. அந்த நிறுவனம் பெயரில்லாமலே இருக்கட்டும், சென்னை ஓ.எம்.ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டினாலும் பாதி சரியாக இருக்கும். காலண்டரில் ஓர் அழைப்பு, 'சும்மா ஒரு சின்னப் பேச்சு' என்கிற பாவனையில். மீட்டிங் அறைக்கு ஏதோ ஒரு நதியின் பெயர். உள்ளே எச்.ஆர். பெண், இருபத்தாறு வயதிருக்கும். அவளுக்கும் டார்கெட் உண்டு, பாவம். மேஜையில் தண்ணீர் பாட்டில் ஒன்று, டிஷ்யூ பெட்டி ஒன்று. டிஷ்யூவை முன்கூட்டியே வாங்கி வைக்கிற அளவுக்குக் கருணை உள்ள நிறுவனம். 'நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். நாங்க டெர்மினேட் பண்ணா அடுத்த கம்பெனி பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்ல உங்களுக்குத்தான் கஷ்டம்.' மிரட்டல் என்று சொல்லமுடியாது. குரலில் அவ்வளவு அக்கறை.

லேப்டாப்பைத் திருப்பி வைக்கிறார்கள். ராஜினாமாப் படிவம் திறந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அழுத்தினால் ஒரு பட்டியல் விழுகிறது: நல்ல வாய்ப்பு, மேற்படிப்பு, திருமணம், இடமாற்றம், உடல்நலம், சொந்தக் காரணம். 'நீங்கள் சொன்னதால்' என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மென்பொருளை எழுதியவனும் ஒரு முப்பத்தைந்தாகத்தான் இருப்பான். அவனும் பிறகு அதே பட்டியலில் எதையாவது அழுத்தியிருப்பான். இவர் சொந்தக் காரணத்தை அழுத்தினார். அரை மணி நேரத்தில் கீழே கேட்டில் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. லேப்டாப் சார்ஜரையும் மவுஸையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். பதின்மூன்று வருஷத்தை யாரும் எண்ணவில்லை.

மாலையே வாட்ஸ்அப்பில் ஆறுதல் குவிகிறது. 'எல்லாம் நன்மைக்கே.' 'உன் பேஷனைத் துரத்து.' நாற்பது லட்சம் வீட்டுக்கடன் வைத்திருப்பவனிடம் பேஷனைத் துரத்தச் சொல்கிறவன் நண்பனா விரோதியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்த நாள் வேளச்சேரி பக்கத்துப் பயிற்சி நிலையத்திலிருந்து போன். டேட்டா சயின்ஸ், ஏ.ஐ., ஆறு மாதம், கட்டணம் மாதத் தவணையில். வேலை போனவனுக்கு எந்த வங்கியும் கடன் தராது. கோர்ஸ் என்றால் மட்டும் அங்கேயே ஒரு நிதி நிறுவனத்து ஆள் விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருப்பார். பாடம் எடுப்பவர் யார்? போன வருஷம் இன்னொரு நதியின் பெயர் கொண்ட அறையிலிருந்து வெளியே வந்தவர். மாறுகிறவர்களுக்கு மாறக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த ஊரில் நிலையான தொழில்.

ஐ.டி. வேண்டாம், சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகலாம் என்றால், யு.பி.எஸ்.சி. பொதுப்பிரிவுக்கு 32-இல் கதவைச் சாத்துகிறது. டெபுடி கலெக்டராக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-க்கு 34, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 39. சமுதாயத்தின் பாரத்தை நினைத்து அந்த ஐந்து வருஷம், அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு வேறு. மக்களவைக்கு நிற்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடியரசுத் தலைவராக 35 நிரம்பியிருக்க வேண்டும். உச்ச வரம்பு எதற்கும் கிடையாது, எம்.ஜி.ஆர். 60 வயதில் முதலமைச்சரானார். ஆளுகிறவனுக்குக் குறைந்தபட்ச வயது, அவன் கையெழுத்துப் போட வேண்டிய கோப்பைத் தூக்கி வருகிறவனுக்கு அதிகபட்ச வயது. முப்பத்தைந்து வயதில் ஒருவன் நாட்டின் முதல் குடிமகனாகும் தகுதியை அடைகிறான், பொதுப்பிரிவுக்காரனாக இருந்தால் டெபுடி கலெக்டர் ஆகும் தகுதியை இழக்கிறான். அரசியல் சாசனம் அவனைப் பழுத்துவிட்டான் என்கிறது, தேர்வாணையம் அழுகிவிட்டான் என்கிறது.

கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாமா? எம்.இ. படித்தவர்தான் நம்மாள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே இழுத்துப் போட்டது: 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே சமயத்தில் முழுநேரம் உழைத்த மகான்களும் அதில் உண்டு, காகிதத்தில். எழுபது, தொண்ணூறு மணி நேரம் கேட்கிற பெரியவர்கள் இவர்களைத் தேடிப் பிடித்து விருது கொடுத்திருக்க வேண்டாமா? நாற்காலி காலி, பெயர் மட்டும் நிரம்பியிருந்தது. உயிரோடு ஒருவன் போய் வேலை கேட்டால் அங்கே எப்படி இடமிருக்கும்?

இதுவரை 'அவன், இவன்' என்றே எழுதிவந்தேன். முப்பதுகளில் வேலை மாறுகிற பெரும்படை இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் தொழில் மாற்றம் என்று சொல்வதே இல்லை. 2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். நல்ல சட்டம். அதற்குப் பிறகு இன்டர்வியூவில் முதல் கேள்வியே 'அடுத்த குழந்தை ப்ளான் இருக்கா?' என்று ஆகிவிட்டது. விடுப்பு முடிந்து திரும்பியவளின் புராஜெக்ட் வேறு யாரிடமோ இருக்கும். அவள் டியூஷன் எடுப்பாள், வாட்ஸ்அப்பில் சேலை விற்பாள், அபார்ட்மென்ட்டுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பாள். கணவன் இட்லி மாவு அரைத்தால் ஸ்டார்ட்-அப், முதலீட்டாளரைப் பார்க்கப் போவான். அவள் அரைத்தால் 'வீட்டுல சும்மா இருக்காம ஏதோ பண்றா.' ஒரே கிரைண்டர்தான்.

இப்போது டெல்லிக்கு வருவோம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் தொழில் உறவுகள் தொகுப்பில் ஓர் அருமையான ஏற்பாடு: ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளி புதுத் திறன் கற்றுக்கொள்ள ஒரு நிதி. முதலாளி அதில் அந்தத் தொழிலாளியின் 15 நாள் ஊதியத்தைப் போட வேண்டும், 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வந்துவிடும். பதினைந்தே நாள்! பரோட்டா மாஸ்டரிடம் சேர்ந்தால்கூடப் பதினைந்து நாளில் மாவைத் தொட விடமாட்டார், வெங்காயம்தான் உரிக்க விடுவார். முப்பத்தாறு வயதில் ஒரு மனிதன் பழைய தொழிலை மறந்து புதிய தொழிலைக் கற்று நிமிர்வதற்கு நாடாளுமன்றம் வைத்த விலை அரை மாதச் சம்பளம்.

அதையாவது கொடுப்பார்களா என்றால், யார் தொழிலாளி என்ற வரையறையில் வாசல் இருக்கிறது. மேலாளர் வேலை பார்ப்பவர் தொழிலாளி அல்ல. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000-க்கு மேல் வாங்குபவரும் அல்ல. ஐ.டி.யில் மூன்று பேருக்கு ஒரு 'லீட்', ஐந்து பேருக்கு ஒரு 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்ததெல்லாம் விசிட்டிங் கார்டுக்காக என்று நினைத்திருந்தோம். பட்டத்தைத் தூக்கி நீதிமன்றத்தில் வைத்து, இவர் மேலாளர், தொழிலாளி அல்ல என்று நிறுவனங்கள் வாதாடுகின்றன. 2015-இல் வெளியே அனுப்பப்பட்ட ஓர் ஐ.டி. ஊழியர், தான் பார்த்தது மேலாளர் வேலை அல்ல என்று நிறுவி, 2022-இல் சென்னை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஏழு வருஷம். அதற்குள் மனிதன் எத்தனை தொழில் மாறியிருக்க வேண்டியிருக்கும்!

சொந்தச் சேமிப்பாவது கைகொடுக்குமா? வேலை போய் இரண்டு மாதமானால் பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்கலாம் என்றிருந்தது. 2025 அக்டோபரில் வைப்புநிதி அறங்காவலர் குழு அதைப் பன்னிரண்டு மாதமாக்க முடிவெடுத்தது. முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், கால் பங்கு ஒரு வருஷம் காத்திருக்கும், உங்கள் முதுமைக்காகவாம். முப்பத்தாறு வயதில் முதியவன் என்று ஒருவர் துரத்துகிறார், அறுபதுக்காகச் சேர்த்து வை என்று இன்னொருவர் பிடித்து வைக்கிறார்.

இவ்வளவு சட்டமும் ஒரு சொடுக்கில் ஒன்றுமில்லாமல் போகிறது. ராஜினாமா செய்தவனுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, திறன் நிதியும் கிடையாது. அவன்தான் தானாகப் போய்விட்டானே. சட்டக் கணக்குக்கு வரும் ஊதியம் மாதம் ஒரு லட்சம் என்று வையுங்கள். பதின்மூன்று வருஷத்துக்கு, வருஷத்துக்கு 15 நாள் வீதம் இழப்பீடு ஆறரை லட்சம். திறன் நிதி ஐம்பதாயிரம். ஆக மொத்தம் ஏழு லட்சம். அந்த நதியறையில் டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'சொந்தக் காரணம்' என்று அழுத்தியவர் அந்த நொடியில் ஏழு லட்சத்தை முதலாளிக்கு மொய் எழுதிவிட்டு எழுந்தார். ஒருவர் எழுதினால் ஏழு லட்சம், ஆயிரம் பேர் எழுதினால் எழுபது கோடி. அது எங்கே போயிற்று என்று தேடவேண்டியதில்லை. அடுத்த காலாண்டு அறிக்கையில் 'லாப விகிதம் மேம்பட்டுள்ளது' என்று ஒரு வரி வரும், அதற்குக் கீழே ஆய்வாளர்கள் பாராட்டு தெரிவித்திருப்பார்கள்.