ஐந்து பேர், நான்கு ஊர், ஓர் அட்டவணை

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என் மனைவி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் குடும்பத்தோடு முதன்முறையாக வெளிநாடு போவது என்று முடிவானதும், திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. வேலை மட்டும்தான் விழுந்தது, அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது என்பது போகப் போகப் புரிந்தது.

திருச்சிக்காரனுக்கு வெளிநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூரும் மலேசியாவும்தான். இங்கே விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பஸ்ஸில் அதே நேரத்தில் செங்கல்பட்டைத் தாண்டினால் பெரிய விஷயம். ஆகவே சிங்கப்பூரில் இறங்கி, பஸ்ஸில் மலாக்கா, அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு ரயிலில் பட்டர்வொர்த், படகில் பினாங்கு, மறுபடி கோலாலம்பூர் வந்து திருச்சி விமானம் என்று எக்செல்லில் அட்டவணை போட்டேன். ஊருக்கு ஒரு நிறம். சாப்பாட்டுக்குத் தனிக் கட்டம். ‘இதர’ என்றுகூட ஒரு கட்டம். அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மறுநாள் காலை அதன்மேல் பால் கணக்கு எழுதியிருந்தது.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. விசாரணைக்கு வந்த காவலர் தெருமுனையிலேயே என் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். அவர் வீடு வந்து சேருவதற்குள் நான் என்ன செய்திருப்பேன் என்பது பற்றித் தெருவில் பலவிதமான கருத்துகள் உருவாகிவிட்டன. எதிர்வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்து, “ஜாமீன் கீமீன் வேணும்னா தயங்காம சொல்லுங்க சார்” என்றார். சிங்கப்பூர் போகிறோம் என்று விளக்கியதும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். சட்டென்று சுதாரித்துக்கொண்டு கோடாலித் தைலம் ஒரு டஜன் கேட்டார். மாலைக்குள் தெருவே கேட்டது. முதல் ஊரே சிங்கப்பூர் என்பதால், தைலத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு மற்ற மூன்று ஊர்களையும் அதற்குச் சுற்றிக் காட்ட வேண்டும்.

விசா விஷயத்தில் மலேசியா நல்ல நாடு. 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்கு அப்படி ஓர் அட்டையும் வேண்டும், விசாவும் வேண்டும். அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகளை எங்கள் கல்யாணத்தின்போது பெண் வீட்டார்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் மனைவியின் கருத்து. ‘எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா?’ என்ற கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “உள்ள விட்டாத்தானேடா வெளிய அனுப்ப முடியும்?” என்றாள். படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்பது விதி. அம்மாவுக்குத் தலை முழுக்க நரை. ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தில் ஒரு முகமும் மூன்று கோடு விபூதியும் வெட்டவெளியில் மிதந்தன.

அடுத்து அவரவர் கோரிக்கைகள். மகனுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ், முழு நாள். மகளுக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சுவர். இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போவதாக 2012-இல் ஒருவர் அதில் ஓவியம் தீட்டி, சைக்கிளை மட்டும் நிஜமாகவே பதித்திருக்கிறார். அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். “நம்ம கொல்லைச் சுவர்லயும் ஒரு துருப்பிடிச்ச சைக்கிள் சாஞ்சிருக்கேம்மா” என்றேன். அவள் காதில் ஏற்கெனவே இயர்போன் இருந்தது.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. “காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கணும். யாரும் என்கிட்ட காபி கேட்கக் கூடாது.”

“நம்ம ஊர் எட்டா, அந்த ஊர் எட்டா?” என்றேன். அட்டவணை போடுகிறவனுக்கு இதெல்லாம் முக்கியம்.

“நம்ம ஊர் எட்டுதான்.”

அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் எட்டு அவர்களுக்குப் பத்தரை. அறை வாடகையோடு சேர்த்துப் பணம் கட்டிய காலைச் சாப்பாட்டை அதற்குள் எடுத்து வைத்துவிடுவார்கள் என்றேன். “அப்ப நீங்க சாப்பிட்டுட்டு எனக்குக் கொண்டாந்துடுங்க” என்றாள். ‘கொண்டாருதல்: நான்’ என்று எழுதிக்கொண்டேன்.

அம்மாவின் பட்டியல் முழுக்கக் கோயில்கள். சிங்கப்பூர் சைனாடவுனில் 1827-இல் ஏற்பட்ட மாரியம்மன், மலாக்காவில் 1781-இல் செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர், கோலாலம்பூர் பக்கம் பத்துமலை, பினாங்கில் தண்ணீர்மலை. அம்மனும் விநாயகரும் தரையில் இருக்கிறார்கள், சிக்கலில்லை. முருகன் வழக்கம்போல மேலே. பத்துமலைக்கு 272 படி, தண்ணீர்மலைக்கு 513. எக்செல் கூட்டிக் காட்டியது 785. பழனிக்கே வின்ச்சில் போகிற குடும்பம் நாங்கள். அம்மாவுக்கு முட்டிவலி என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். வின்ச்சில் முதலில் ஏறி உட்காருவது நான்.

“பத்துமலை அடிவாரத்துலயே 140 அடி உயரத்துக்கு முருகன் நிக்கிறாரும்மா. அங்கயே கும்பிட்டுக்கலாமே?”

“மேல வான்னு கூப்பிடத்தானேடா கீழ வந்து நிக்கிறாரு?”

சரி, தண்ணீர்மலையையாவது குறைக்கலாம் என்று தேடியதில், பினாங்கு மலை உச்சியில் இன்னொரு முருகன் கோயில் இருப்பதும், அங்கே இழுவை ரயிலிலேயே போய்விடலாம் என்பதும் தெரிந்தது. அதற்குப் பதில் இது என்று சாமர்த்தியமாக எடுத்துச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அவரையும் சேத்துக்கோ” என்றாள்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடற்படை அனுப்பி வென்ற கடாரம், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரைப் பக்கம் இருக்கும் இன்றைய கெடா. அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களும் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சோழ நாட்டுக்காரன் அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடாரத்தைப் பார்க்காமல் திரும்பினால் சரித்திரம் என்ன சொல்லும்?

“வெறும் அடித்தளமாப்பா? மேல ஒண்ணும் இல்லையா?” என்றான் மகன்.

“நிழல் உண்டா?” என்றாள் மனைவி.

“பூசை உண்டா?” என்றாள் அம்மா.

கடாரம் ‘இதர’ கட்டத்துக்குப் போனது. இரண்டொரு நாளில் அந்தக் கட்டத்தின் பெயர் ‘ஷாப்பிங்’ என்று மாறியிருந்தது. ராஜேந்திரனை மாவீரன் என்கிறோம். குடும்பத்தைக் கலந்து பேசிப் புறப்பட்டிருந்தால் அவனும் நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்க மாட்டான்.

அப்புறம் மூட்டை. சூயிங் கம் விற்பதையும் கொண்டுவருவதையும் சிங்கப்பூர் 1992-லேயே தடுத்துவிட்டது என்றதும் மகன் அந்த நாட்டின் ஜனநாயகம் பற்றிக் கவலை தெரிவித்தான். கசகசாவும் அங்கே ஆகாது. மனைவி அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியில் அது இருந்தது. “குருமாவை எங்க வைக்கப்போற? நாம தங்கப்போறது ஓட்டல்ல” என்றேன். “ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றாள். பொடி இறங்கியது, அதன் இடத்தில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு தூக்கு முறுக்கு ஏறின. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தெருவுக்குத் தெரு இட்லி கிடைக்கும் என்று வாதாடினேன். “மொழி இருந்தா சட்னி நல்லா இருக்கும்னு யாரு சொன்னது?” என்றாள் அம்மா. மலாக்கா பஸ் சிங்கப்பூர் எல்லையில் ஒருமுறை நிற்கும், மலேசிய எல்லையில் ஒருமுறை நிற்கும். அங்கே எல்லாச் சாமானையும் இறக்கிச் சோதனைக்கு எடுத்துப்போய் மறுபடி ஏற்ற வேண்டும். இதையும் சொன்னேன். நால்வரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ‘மூட்டை: நான்’.

நாங்கள் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள மச்சினன் குடும்பத்தோடு வந்து தங்குவதாகச் சொன்னான். “வர்றதுதான் வர்றோம், நாலு இடம் பாக்கலாம்னு பிள்ளைங்க ஆசைப்படுது. நீங்க அட்டவணையெல்லாம் நல்லாப் போடுவீங்களாமே மாமா, அக்கா சொல்லுச்சு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிரவே உட்கார்ந்தேன். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம். கடாரத்துக்கு நான் போகாவிட்டால் என்ன, கடாரம் கொண்டவன் தலைநகருக்கு என் அட்டவணையாவது போகட்டும். மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் தாராளமாகச் சேர்த்தேன், ஏறப்போவது நானில்லையே. மச்சினன் வரிவரியாகப் படித்துவிட்டு, “பிரமாதம் மாமா, ஒரு எடத்தைக்கூட மாத்த வேண்டாம்” என்றான்.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய என் ஒரே அட்டவணை அது. சிங்கப்பூர் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று மட்டும் போடாதிருந்தால், நான் அவர்களோடுதான் போயிருப்பேன்.