கல்லுத் தம்பி

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கத் தொடங்கி முதற் செமஸ்டரை முடித்துக்கொண்டு வரும் பிள்ளையை அடையாளம் காண்பது சுலபம். கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் மற்றப் பிள்ளைகளின் பையில் அழுக்கு உடுப்பு இருக்கும். இவருடைய பையில் கல் இருக்கும். கழுத்தில் கறுத்தக் கயிறு, அதன் நுனியில் 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும் கண்ணாடி. நடக்கும்போது எதிரே வரும் மாமாவையும் பார்ப்பதில்லை, மாமியையும் பார்ப்பதில்லை. குனிந்த தலை நிமிராமல் நிலத்தையே பார்த்துக்கொண்டு போவார். தொண்டைமானாற்றுச் சந்தியில் நிற்பவர்கள் முதலில் காதல் தோல்வி என்றுதான் நினைத்தார்கள். பிறகு, அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து நாக்கால் தொட்டுப் பார்த்தபோது, காதல் தோல்வியே பரவாயில்லை என்று நினைத்தார்கள்.

முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் குந்தியிருக்கும் குடாநாட்டுக்குக் கல் சுமந்து வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை அல்லவா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அரை நாள் போய்விடும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை என்பதில் தொடங்குவார். தான் ஹந்தானையில் பொறுக்கிய கல், கண்டங்கள் முட்டிக் கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலத்தில், ஏறத்தாழ 55 கோடி வருஷத்துக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது என்பார். எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்லோ மயோசீன் காலத்துக் கடலடியில் பவளமும் சிப்பியும் நுண்ணுயிரின் ஓடுகளுமாகச் சேர்ந்து இறுகியது. ஒன்றரை, இரண்டு கோடி வருஷம் இருக்கும். அவருக்கு அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

அந்த ஹந்தானைக் கல்லை அம்மா எடுத்து, முற்றத்தில் மிளகாய் காயப்போட்ட பாய் பறக்காமல் மூலைக்கு வைத்துவிட்டார்.

"ஐயோ அம்மா, அதுக்கு 55 கோடி வயசு!"

"அதுதான் நல்ல பாரமாக் கிடக்கு."

வயது விஷயத்தில் கல்லுத் தம்பியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசிப் பனிக்காலம் முடிந்து 11,700 வருஷம் ஆகிறது; அவருடைய பாடப்புத்தகத்தில் அதற்குப் பின் வந்ததெல்லாம் "இப்ப". பள்ளித் தோழன் ஒருவன் அவருக்கு 1,000 ரூபாய் கைமாற்றுக் கொடுத்து, "இப்ப தாறன் மச்சான்" என்ற சொல்லை நம்பிக்கொண்டிருக்கிறான்.

படிப்பு முடித்தால் என்ன வேலை என்று கேட்காத உறவினர் வடமராட்சியில் கிடையாது. டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காத பிள்ளையை என்ன செய்வது? அதற்கென்று தம்பி ஒரு பெரும் பெயரை மடியில் கட்டி வைத்திருக்கிறார்.

"ஆனந்த குமாரசுவாமி தெரியும்தானே மாமா? அவரும் எங்கட பாடந்தான். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் இயக்குநர். தோரியனைட் எண்டு உலகத்துக்கே தெரியாத ஒரு கனியத்தை இஞ்சை கண்டுபிடிச்சவர். 1906இல் லண்டனில் டொக்டர் பட்டம்."

டொக்டர் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேந்து?"

"பேந்து சிற்பம், ஓவியம் எண்டு அந்தப் பக்கம் போயிட்டார். பொஸ்டன் நூதனசாலையில இருந்தவர்."

"பாத்தியோ," என்றார் மாமா மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அந்தக் காலத்திலையே வேலை இல்லை."

கலியாண வீட்டுப் பந்தியில் இவருக்குப் பக்கத்து இலை கிடைத்தால் அதுவும் ஒரு விரிவுரைதான். சோற்றில் ஒரு கல் கடிபட்டது என்று வையுங்கள். நீங்களும் நானும் துப்புவோம். கல்லுத் தம்பி கையில் எடுத்துக் கண்ணாடியால் பார்ப்பார். "குவார்ட்ஸ். மோவின் வன்மை அளவில் 7. எங்கட பல்லின்ர எனாமல் 5தான். வைரம் 10, டல்க் 1." பல் தோற்பது இயற்கை விதி என்ற ஆறுதலோடு பாயசத்துக்கு நகர்வார்.

சந்நிதியில் ஒருநாள் கருங்கல் படியொன்றின் முன் முழந்தாளிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இப்படியொரு பக்தியா! செல்வச்சந்நிதியில் பூசை செய்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வது வழக்கம். முருகனை வழிபட வரும் முதலாம் வருஷத்துக்காரருக்கும் இந்த வழக்கத்தை விரிவாக்கலாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

ஏனென்றால் கோயிலை விட்டு வெளியே வந்ததும் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று தொடங்கிவிடுவார். இது ஆறே இல்லை, கடல்நீரேரி. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும். எல்லாம் சரிதான். அணைக்கதவு போட்டுக் கடலை வெளியே நிறுத்தி, உப்பேரியை நன்னீராக்கலாம் என்று எஞ்சினியர் ஆறுமுகம் 1954இல் திட்டமே எழுதி வைத்தாரே, அந்த அணைக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதைத் தெரியாதென்று நினைத்துச் சொல்கிறாரே, அதுதான். ஒருவர் திரும்பாமலே சொன்னார்: "தம்பி, ஆறெண்டாலும் ஏரியெண்டாலும் சத்தம் போட்டா மீன் வராது."

தோட்டக் கிணற்றடி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். சுண்ணக்கல்லில் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு நுரைத்துவரும். முதல் மாதத்திலேயே கற்பிக்கும் சோதனை. வீட்டில் ஆய்வுகூடம் ஏது? கக்கூஸ் கழுவும் அசிட்டை எடுத்துக்கொண்டுபோய் கிணற்றுக் கட்டில் இரண்டு சொட்டு விட்டார். சுரென்று பொங்கியது. "மயோசீன்!" என்று கூவினார்.

"மயோசீனோ?" என்றார் வேலியோரம் நின்ற மேசன். "அது நான் போன ஆவணி பூசின சீமெந்து."

தம்பி அரை நிமிஷம்தான் தடுமாறினார். சீமெந்தே சுண்ணக்கல்லையும் களியையும் சேர்த்துச் சுட்டதுதான், 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை ஆலை நிலத்தைத் தோண்டியெடுத்து அரைத்ததும் இதே மயோசீன் கல்லைத்தான், களிதான் முருங்கனிலிருந்து வந்தது என்று வெளியே வந்துவிட்டார். முழுகாமல் கரையேறும் இந்தக் கலைக்குச் சோதனையில் புள்ளி இல்லை என்பது வருத்தம்தான். இரண்டாம் வருஷத்தில் இந்த வேகம் பாதியாகும். நான்காம் வருஷத்தில் ஒரு கல்லைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டிப் பாத்துத்தான் சொல்லவேணும்" என்பார். அப்போது ஊருக்கு அவர் மேல் மரியாதை போய்விடும்.

அம்மம்மாவோடுதான் அவருக்கு உண்மையான போட்டி. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று அம்மம்மா சொல்வார். ஐதீகம் என்று சிரித்த பேரன், சுண்ணக்கல்லை மழைநீர் கரைத்துக் குகையும் குழாயுமாக்கிவிடும், நிலத்துக்கடியில் தண்ணீர் அதற்குள்ளால் ஓடும் என்று படம் கீறிக் காட்டினார். அம்மம்மா படத்தைப் பார்த்தார். "அப்ப தேசிக்காய் போகும்தானே?"

போன லீவில் பேரன் கிணற்றடியில் நின்று நன்னீர் வில்லையைப் பற்றி விளக்கினார். ஓர் ஒல்லாந்தரும் ஒரு ஜெர்மன்காரரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு. பாரம் குறைந்த நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடிக்கு அது இருக்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு காலப்போக்கில் நாற்பது அடி ஏறும். நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு களைப்பாற நேரம் இருந்தது. மோட்டர் வந்தபின் அதுவும் போயிற்று. இப்படியே போனால் உங்கட கிணறு உவராகும் அம்மம்மா, என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்.

"எல்லாம் சரியடா அப்பு," என்றார் அம்மம்மா. "முக்கால் மணித்தியாலமா மோட்டர் ஓடுது. அதை நிப்பாட்டிப்போட்டுக் கதை."

"பொறுங்கோ அம்மம்மா," என்றார் கல்லுத் தம்பி, குழாய்க்குக் கீழே தலையை நீட்டியபடி, "இன்னும் சவுக்காரம் போகேல்லை."