முள்ளந்தண்டிலி இயல்: முதற் படலம்

அட்டாளைச்சேனையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மடியில் கிடப்பதை மூன்றாகப் பிரிப்பார்கள்: விலைக்குப் போவது, கறிக்குப் போவது, திரும்பக் கடலுக்கே போவது. இது வியாபாரிகளின் பாகுபாடு, நுட்பம் போதாது. யாமோ கொலாஜன் என்னும் புரதத்தையே அளவுகோலாகக் கொண்டு முள்ளந்தண்டிலிகளை நால்வகைப்படுத்தத் துணிந்தோம்.

கொலாஜனாவது மூன்று இழைகள் ஒன்றாய் முறுகியது. இதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் நிறுவினர். அவர்களுக்குக் கைகொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். கணவாய்க்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை.

முதல் வகை, நீர்த்தன. சொறிமுட்டை. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் வலைப்பின்னல். தொட்டால் கை சொறியும். ஆகவே ஆய்வு இத்துடன் நிறைவுற்றது.

இரண்டாவது, வேடதாரிகள். இறாலும் நண்டும். ஓட்டின் பலம் கைட்டினால் வந்தது. கொலாஜன் சதைக்குள் சொற்பம். வலையில் வந்துவிட்டார்களே என்று இடம் கொடுத்தோம்.

மூன்றாவது, சுருள்வன. கணவாயின் தோலிலும் தசை அடுக்குகளுக்கு நடுவிலும் கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சூடு ஏறியதும் முறுக்கு அவிழ்ந்து நார் சுருங்கும். தட்டையாய் வெட்டிய துண்டு சட்டியிலேயே சுருண்டுகொள்ளும். உள்தோலில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறிப் போடும் ராத்தாமார் இந்த விதியை யாம் எழுதுமுன்பே அறிவர். இன்னும் வேகவிட்டால் துண்டு இறப்பர். மேலும் பொறுத்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து சதை இளகும். கெடுவதெல்லாம் நடுவில்தான்.

நான்காவது வகை எமது நூலைக் குலைத்தது. கடலட்டையின் உடற்சுவரில் பெரும்பங்கு கொலாஜன். ஆனால் தொட்டால் விறைக்கும், சற்றுப் பொறுத்தால் நெகிழும், அதிகம் கசக்கினால் கையிலேயே கூழாகும். நார்கள் மாறுவதில்லை. நரம்பின் ஏவலில் சுற்றியுள்ள உயிரணுக்கள் சுரக்கும் பொருள்கள் நாரோடு நாரை இறுக்கவும் தளர்த்தவும் செய்கின்றன. ஒரே பிராணி ஒரு நாழிகைக்குள் மூன்று வகையிலும் போய் நிற்கிறது! சட்டமும் தடுமாறுகிறது: இந்தியாவில் 2001 முதல் பிடிக்கத் தடை, இலங்கையில் அனுமதிப்பத்திரம் இருந்தால் முக்குளித்து எடுக்கலாம். அவித்துக் காய வைத்தது சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் கப்பலேறும். நம்மூர்ச் சட்டிக்கு வராது.

ஆகவே கடலட்டையை நீக்கி, வகை மூன்றே எனத் தீர்க்கிறோம். கணவாய் சமைப்போர் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். தவறவிட்டால் முக்கால் மணிநேரம் அடுப்பை அணைக்காதீர்கள்.