செத்த பிறகு ஜெயிக்கும் வழி

கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அப்படி விட்டுவிடவில்லை. 1993இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டத்தை முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் உருவாக்கிய ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டம் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர். சீட்டைப் போட்டு எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். எந்தச் சீட்டு என்ன செய்யும் என்பது அதிலேயே நாலு வரியில் அச்சாகியிருக்கும். அப்புறம் சண்டை எங்கிருந்து வரும்?

அந்த நாலு வரியிலிருந்துதான்.

சண்டை ஆட்டத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. வெள்ளோட்டம் நடந்த நாட்களில் ஒரு நண்பர் கார்ஃபீல்டிடம் வந்து, தன்னிடம் ஒரு சீட்டு இருக்கிறது, அதைப் போட்டால் அடுத்த முறையே வெற்றி நிச்சயம் என்றார். கார்ஃபீல்டுக்குக் குழப்பம். அப்படியொரு பிரம்மாஸ்திரத்தை அவர் செய்யவே இல்லை. வாங்கிப் பார்த்தால், ‘எதிராளி அடுத்த முறை அவுட்’ என்கிற மாதிரி ஒரு வரி. அடுத்த முறை ஆட எதிராளிக்கு வாய்ப்பில்லை என்று சொல்ல நினைத்து கார்ஃபீல்ட் எழுதியது. அடுத்த முறை எதிராளி காலி என்று நண்பர் படித்துவிட்டார். கடைக்கு வந்தபோது அந்தச் சீட்டின் பெயர் ‘டைம் வாக்’. இதற்குப் பிறகு இன்னும் ஒரு முறை நீயே ஆடு என்று திருத்தி எழுதியிருந்தார்கள். அந்த நண்பருக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் ஆதி வக்கீல் அவர்தான்.

ஆல்ஃபா என்று பின்னால் பெயர் பெற்ற முதல் பதிப்பில் 26 லட்சம் சீட்டுகள் அச்சாயின. இரண்டு சீட்டுகளைச் சேர்க்கவே மறந்துபோனார்கள். ‘ஆர்கிஷ் ஓரிஃப்ளாம்’ சீட்டை இறக்க நாலு மானா, அதாவது மந்திர சக்தி, செலவு என்று இருக்க வேண்டும். இரண்டு என்று வந்தது. ‘சைக்ளோப்பியன் டூம்’ சீட்டில் செலவே அச்சாகவில்லை. செலவு போடாத சீட்டை ஓசியில் இறக்கலாமா, அல்லது இறக்கவே முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டிருப்பார்கள் என்பது என் திடமான நம்பிக்கை.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ‘கேயாஸ் ஆர்ப்’. இந்தச் சீட்டை ஓர் அடி உயரத்திலிருந்தாவது சுண்டிப் போட வேண்டும். காற்றில் ஒரு தடவையாவது முழுதாகப் புரள வேண்டும். விழுந்து எந்தெந்தச் சீட்டைத் தொடுகிறதோ அதெல்லாம் அழியும். உடனே எதிராளிகள் தங்கள் சீட்டுகளை மேஜையின் மூலைக்கு மூலை தள்ளித் தள்ளி வைத்தார்கள். அப்போது ஒரு புத்திசாலி, தன் கேயாஸ் ஆர்ப்பைச் சுக்குநூறாகக் கிழித்து மேஜை முழுக்கத் தூவினான் என்று ஒரு கதை உண்டு. முழுசாக விழ வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லையே! கதை நடந்ததோ இல்லையோ, ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனி அதை ரசித்தது. 1998இல் வந்த ‘அன்க்ளூட்’ என்கிற கேலிப் பதிப்பில் ‘கேயாஸ் கன்ஃபெட்டி’ என்றொரு சீட்டு: கிழி, ஐந்தடி தள்ளி நின்று வீசு என்று சட்டமாகவே எழுதிவிட்டார்கள். நிஜமான கேயாஸ் ஆர்ப்பை இன்று எவனாவது கிழித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. விலை ஆயிரக்கணக்கான டாலர்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கால மரணச் சட்டம். உயிர் பூஜ்யமானால் உடனே சாக வேண்டியதில்லை. நடக்கிற கட்டம் முடிகிற வரை அவகாசம். 1994இல் ‘மிரர் யுனிவர்ஸ்’ வந்தது: தன் முறையின் தொடக்கத்தில் இருவர் உயிர்க் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம். விஷமிகளுக்கு இது போதாதா? பயன்படுத்தினால் ஓர் உயிர் குறைக்கும் ‘சிட்டி ஆஃப் பிராஸ்’ நிலச் சீட்டுகளைப் பயன்படுத்தித் தன்னைத்தானே பூஜ்யத்துக்கு இறக்கிக்கொள்வார்கள். எமன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கணக்கை மாற்றிவிடுவார்கள். கட்டம் முடியும்; எதிராளி பிணம். தற்கொலையைக் கொலையாக மாற்றும் வித்தை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

இரண்டு பேரும் ஒருசேர மந்திரம் போட்டால் யாருடையது முதலில் பலிக்கும் என்பது இன்னொரு தலைவலி. ‘இன்டரப்ட்’ என்ற வகை ‘இன்ஸ்டன்ட்’ வகையை முந்தும் என்றார்கள். உடனடியைவிட உடனடியாக ஒன்று! 1999இல் ஆறாம் பதிப்போடு இதை ஒழித்துக்கட்டி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு, கடைசியாக வைத்தது முதலில் நடக்கும் என்றார்கள். ஒரே நேரத்தில் இருவருக்கும் ஏதோ நடக்க வேண்டியிருந்தால், யாருடைய முறையோ அவர் முதலில் அடுக்க வேண்டும். ஆகவே அவருடையது கடைசியில் நடக்கும். செத்தால் உடனே சாவு. ஆட்டமே போச்சு என்று பழைய கைகள் ஒப்பாரி வைத்தார்கள்.

அவர்களுக்கும் ஆறுதல் கிடைத்தது. உயிரினச் சீட்டுகள் மோதும்போது விழும் அடியையும் அந்த அடுக்கில் வைத்தார்களா, ‘மாக் ஃபனாட்டிக்’ என்ற குட்டிப் பூதத்துக்கு யோகம் அடித்தது. முதலில் ஒரு குத்து விடும். குத்து அடுக்கில் காத்திருக்கையிலேயே தன்னைப் பலி கொடுத்து இன்னோர் அடி அடிக்கும். பூதம் போய்ச் சேர்ந்த பிறகு குத்து வந்து சேரும். இதற்கு முற்றுப்புள்ளி வைக்கப் பத்து ஆண்டு, 2009 வரை ஆயிற்று.

விதிப்புத்தகம் இன்று இருநூறு பக்கத்தைத் தாண்டிக் கொழுத்துவிட்டது. பழைய உரைகளில் இளம்பூரணரை நச்சினார்க்கினியர் மறுப்பதுபோல, விதிக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு. ‘ஹ்யூமிலிட்டி’ (1997) எல்லா உயிரினத்தின் திறனையும் பிடுங்கி, பலத்தை ஒன்றாக்கும். ‘ஓபலசென்ஸ்’ (1999) ஹ்யூமிலிட்டி போன்ற சீட்டுகளையே உயிரினமாக்கி, செலவுக்கேற்ற பலம் கொடுக்கும். இரண்டும் மேஜைக்கு வந்தால்? ஹ்யூமிலிட்டி உயிரினமாகி, தன் திறனைத் தானே பிடுங்கிக்கொள்ளும்; பிடுங்கிய பிறகும் அந்தத் திறன் வேலை செய்துகொண்டிருக்கும். பலம் எவ்வளவு? பிந்தி வந்த சீட்டு வைத்ததே சட்டம்: ஓபலசென்ஸ் பிந்தினால் நாலு, ஹ்யூமிலிட்டி பிந்தினால் ஒன்று. புரியவில்லையா? நல்லது, உங்கள் மனநலம் சீராக இருக்கிறது.

சமனில் முடிக்க ஆசைப்பட்டவர்களுக்கும் ஒரு சீட்டு உண்டு: ‘டிவைன் இன்டர்வென்ஷன்’. எட்டு மானா கொட்டி இறக்கி, இரண்டு முறை காத்திருந்தால், ஆட்டம் சமன். யாரும் ஜெயிக்காமலிருக்க இவ்வளவு பாடு.

இருவருமே ஜெயிக்கிற ஒரு சீட்டையும் கார்ஃபீல்ட் செய்தார், கடைக்கல்ல, காதலிக்கு. பெயர் ‘புரொபோசல்’. அதைப் போட்டால் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கலாம். சம்மதம் கிடைத்தால் இருவரும் ஜெயித்தவர்கள், சீட்டுகளைக் கலந்து பொதுக் கட்டாக்கிக்கொள்ள வேண்டும். பாழாய்ப்போன சீட்டு முதல் ஆட்டத்தில் கைக்கு வரவில்லை. அது வருகிற வரை மனுஷன் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. மறுத்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டதால் வழக்கு நடுவரிடம் போகவில்லை.