மோட்டாரை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: அப்பா ஓட்டிய, கியர் இல்லாத பழைய சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்ற ஆசை. மோட்டாரை முன் சக்கரத்தில் வைப்பதா, பின் சக்கரத்திலா, பெடலுக்கு நடுவிலா?

பதில்: பின் சக்கரத்தில் வையுங்கள். மாட்டுவதற்குச் சுலபம் முன் சக்கரம்தான். செயினைத் தொடவே வேண்டாம். ஆனால் உங்கள் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. பாரம் இல்லாத இடத்தில் பிடிமானமும் குறைவு. நனைந்த மணலில் ஆக்சிலேட்டரைத் திருகினால் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஹேண்டில்பார் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

நடு மோட்டார் கெட்டிக்காரப் பிள்ளை. சைக்கிளின் கியர்களையே தன் கியராக்கிக்கொண்டு குன்னூர் மேட்டையும் ஏறிவிடும். கியரே இல்லாத உங்கள் வண்டியில் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையில்லை. செயின்தான் சீக்கிரம் தேயும்.

சக்கர மோட்டாரின் அச்சு முனையை விரலால் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும். அச்சு சுழலாமல் தடுக்க அந்தத் தட்டைதான் பிடி. அது நழுவினால் அச்சே சுற்றி, வயரை முறுக்கி அறுத்துவிடும். எனவே டார்க் ஆர்ம் என்கிற இரும்புப் பட்டையைக் கட்டாயம் போடுங்கள். பிரேக் கட்டைகளையும் மாற்றிவிடுங்கள், வேகம் கூடப்போகிறதே!

கடைசியாக ஒன்று. பின் சக்கர மோட்டார்கள் பெரும்பாலும், சக்கரத்தைத் தாங்கும் ஃபிரேமின் இரு கைகளுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கும். பழைய சைக்கிள்களில் அவ்வளவு இருக்காது. அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.